ஒரு சொல்லும் இரு மனமும்

ஆங்கிலச் சொற்களுள் சில, அகராதியைப் புரட்டிப் பார்த்த பின்னரும் கைக்கு அகப்படாமல் நழுவிவிடுகின்றன. பொருள் தெரிந்ததுபோல் இருக்கும். வாக்கியத்தில் அமைக்கப் போனால் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'ஆம்பிவலன்ஸ்' என்பது அத்தகைய சொல். இலக்கியத் திறனாய்வு நூல்களைப் படிக்கும் மாணவர் இதனைச் சந்திக்காமல் தப்ப முடியாது. ஆனால் நம் மாணவர்களின் விடைத்தாள்களில் இச்சொல்லுக்கு எழுதப்படும் பொருள் பெரும்பாலும் ஒன்றே: 'குழப்பம்'. அப்பொருள் பொருந்தாது என்பதைக் காட்டவே இக்கட்டுரை. குழப்பம் என்பது தெளிவின்மை. ஆம்பிவலன்ஸ் என்பதோ, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தெளிவுகள் ஒரே நெஞ்சில் ஒரே வேளையில் குடியிருப்பது.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். நாம் அன்றாடம் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்குப் பிறந்த நாளும் தெரியாது, பெற்றவர் பெயரும் தெரியாது. இச்சொல்லுக்கு இரண்டும் தெரியும். சுவிட்சர்லாந்து நாட்டில் சூரிச் நகரத்து மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராயிருந்த ஆய்கன் பிளாய்லர் (1857–1939) என்ற மருத்துவர் 1910-ஆம் ஆண்டில் ஒரு சொற்பொழிவில் இதனை விளக்கினார். அடுத்த ஆண்டு வெளிவந்த தம் பெருநூலிலும் எழுதினார். 'ஸ்கிசோஃப்ரினியா', 'ஆட்டிசம்' ஆகிய சொற்களைப் படைத்தவரும் இவரே. மூன்றும் மருத்துவமனைக்குள் பிறந்தவை. அவற்றுள் இது ஒன்றுதான் வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, வீட்டிலும் கடைத்தெருவிலும் நடமாடுகிறது.

பிளாய்லர் இதனை மூவகையாகப் பிரித்தார். ஒருவரையே விரும்பவும் வெறுக்கவும் செய்வது உணர்ச்சியின்பாற்பட்டது. ஒன்றைச் செய்யவும் வேண்டும், செய்யாதிருக்கவும் வேண்டும் என்பது விருப்பின்பாற்பட்டது. ஒரு கருத்தை ஒப்பவும் மறுக்கவும் செய்வது அறிவின்பாற்பட்டது. கடுமையான மனநோயின் அடிப்படைக் குறிகளுள் ஒன்றாக இதனை அவர் கொண்டார். எனினும் நோயில்லாத மாந்தரிடத்தும் இது உண்டு என்பதையும் அவர் மறுக்கவில்லை. பிராய்டு இச்சொல்லை விருப்பத்தோடு எடுத்துக்கொண்டார். 1912–13-இல் அவர் எழுதிய 'டோட்டம் அண்ட் டாபூ' என்ற நூலில் இறந்தவரைக் குறித்த அச்சத்தை இதனால் விளக்குகிறார். நாம் அன்பு செலுத்தியவர் இறந்த பின் அவருக்கே ஏன் அஞ்சுகிறோம்? அன்புக்கு அடியில் ஒரு பகையும் இருந்தது என்பது அவர் விடை. அவர் விடை முற்றும் சரியென்று நான் கூறமாட்டேன். ஆனால் பாட்டிக்குப் பிடித்த பண்டத்தையெல்லாம் இலையில் வைத்துப் படைத்து அழும் வீட்டிலேயே, அன்றிரவு கொல்லைப்பக்கம் போகப் பிள்ளைகள் துணை தேடுவதை நாம் பார்த்திருக்கிறோம் அன்றோ!

சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்பின் பொருள் இன்னும் விளங்கும். 'ஆம்பி' என்ற இலத்தீன் முன்னொட்டுக்கு 'இருபுறமும்', 'சுற்றிலும்' என்பன பொருள். இரு கையாலும் ஒப்ப வேலை செய்பவரை 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்' என்கிறோம். இரு கையாலும் அம்பு எய்த அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்று பெயர் வழங்குவதை நினைவிற் கொள்க. 'ஆம்பிஷன்' என்பதும் இக்குடும்பமே. ரோமாபுரியில் பதவிக்கு நின்றவர்கள் வாக்குக் கேட்டு ஊரைச் சுற்றிச் சுற்றி வந்ததைக் குறித்த சொல், பின்னர் பதவியாசையையே குறிக்கலாயிற்று. (இரண்டாயிரம் ஆண்டுகளில் ஆசையும் மாறவில்லை, சுற்றுவதும் மாறவில்லை.) வகுப்பில் யாரேனும் ஒருவர் 'ஆம்புலன்ஸ்' என்று படித்துவிட, எல்லாரும் சிரிப்பதுண்டு. அது நடத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. போர்க்களத்தில் படையைத் தொடர்ந்து சென்ற மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர் 'நடமாடும் மருத்துவமனை' என்றனர். மருத்துவமனை கழன்றுபோய் நடமாட்டம் மட்டும் பெயராக நின்றுவிட்டது.

இரண்டாம் உறுப்பாகிய 'வலன்ஸ்' என்பதை வேதியியல் மாணவர்கள் நன்கறிவார்கள். 'வேலன்சி' என்று அவர்கள் படிப்பதும் தமிழ்ப் பாடநூல் இணைதிறன் என்று கூறுவதும் இதன் உடன்பிறப்பே. வலிமை என்பது வேர்ப்பொருள். ஆகவே ஆம்பிவலன்ஸ் என்றால் இருபுறமும் வலிமை. வலிமையின்மை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். 'குழப்பம்' என்று எழுதும் மாணவர் இந்த வலிமையைத்தான் தொலைத்துவிடுகிறார்.

ஒரு சோதனை சொல்கிறேன். ஒரே நாளில் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியும் மகன் தேர்வில் தவறிய செய்தியும் வருகின்றன. தாய்க்கு மகிழ்ச்சியும் வருத்தமும் உண்டாகின்றன. இது கலவையான உணர்ச்சி. 'மிக்ஸட் ஃபீலிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் தாராளமாகக் கூறலாம். ஆனால் ஆம்பிவலன்ஸ் என்று கூறினால் பொருந்தாது. மகிழ்ச்சிக்கு ஒரு காரணம், வருத்தத்துக்கு வேறொரு காரணம். அந்த மகளுக்கு வேலை கிடைத்திருப்பது சென்னையில். அவள் போவது பெருமை, அவள் போவதே துயரம். இப்பொழுது அச்சொல்லைக் கூப்பிடலாம். பொருளும் ஒன்று, வேளையும் ஒன்று, நெஞ்சும் ஒன்று. உணர்ச்சி மட்டும் எதிரெதிராக இரண்டு.

நம் பழமொழிகளுள் எதனையேனும் இதற்கு ஈடாக வைக்கலாமா என்று பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. மதில்மேல் பூனை என்கிறோம். அது எந்தப் பக்கம் குதிப்பது என்று இன்னும் துணியாத நிலை. இருதலைக் கொள்ளி எறும்பு என்கிறோம். அதற்கு இருபுறமும் நெருப்புத்தான். ஒரே அச்சம் இரண்டு திசையிலிருந்து வருகிறது. ஒரு புறம் நெருப்பும் மறு புறம் வெல்லமுமாக அந்த எறும்பு நிற்கவில்லை. ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்பது இரண்டு காரியத்தில் அரைகுறையாக இறங்குவதைப் பழிப்பது. ஆக, பழமொழி நமக்கு உதவவில்லை. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளான நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பனவற்றுள்ளும் இரண்டு சேர்ந்த நிலைக்குத் தனிப்பெயர் இல்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன? பொருள் நம்மிடம் இருந்தது. நற்றிணையில் 284-ஆம் பாட்டைத் தமிழ்த்துறை நண்பர்கள் அறிவர். பொருள் தேடப் பிரிந்த தலைவன், சுரத்தின் நடுவே நின்று பேசுகிறான். 'அவளிடம் திரும்பிப் போவோம்' என்கிறது நெஞ்சம். 'எடுத்த வினையை முடிக்காமல் விடுவது அறியாமை, இழிவும் கூட; பொறு' என்கிறது அறிவு. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் தன் உடம்பை, இரண்டு யானைகள் இரு தலையும் பற்றி எதிரெதிரே இழுக்கும் புரி தேய்ந்த பழங்கயிற்றுக்கு அவன் ஒப்பிடுகிறான். பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. இந்த உவமையின் சிறப்பால் அவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே பெயர் நின்றுவிட்டது. பிளாய்லர் வகுத்த இரண்டாம் வகையை, வெறும் கயிற்றையும் யானையையும் கொண்டு அவர் காட்டிவிட்டார்.

இங்கு நெஞ்சமும் குழம்பவில்லை, அறிவும் குழம்பவில்லை. இரண்டும் தத்தம் வழக்கைத் தெளிவாகவே எடுத்துரைக்கின்றன. இழுக்கிறவை யானைகள், ஆட்டுக்குட்டிகள் அல்ல. 'வலன்ஸ்' என்ற உறுப்புக்கு இதைவிட நல்ல உரை எழுத இயலுமா?

வள்ளுவர் வேறோர் உவமை வைத்திருக்கிறார். காமத்துப்பாலில் 'படர்மெலிந்திரங்கல்' அதிகாரத்தில் 1163-ஆம் குறள். காதலும் நாணமும் ஒரு பெண்ணின் உயிரைக் காவடித் தண்டாகக் கொண்டு அதன் இரு முனையிலும் தொங்குகின்றன என்கிறாள் தலைவி. உடம்போ அதனைத் தாங்க மாட்டாதது. தைப்பூசத்தை ஒட்டி நத்தம் சாலை வழியே பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்தார்க்கு இந்த உவமை எளிதில் விளங்கும். கயிற்றுக்கும் தண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டு யானைகளுள் ஒன்று பிடியை விட்டுவிட்டால் கயிறு பிழைக்கும். ஆனால் இருபுறமும் சுமை தொங்கும் தண்டில் ஒரு பக்கச் சுமையை மட்டும் அறுத்தெறிந்தால், மறுபக்கம் சரிந்து, சுமப்பவனையும் சாய்த்துவிடும். இரண்டு சுமையும் இருப்பதனாலேயே தண்டு தோளில் நிற்கிறது. இரு மனம் உடையவரைப் பார்த்து, 'ஏதாவது ஒன்றை விட்டுத் தொலையேன்' என்று அறிவுரை கூறுவோர் எல்லாரையும் கயிறாகவே நினைக்கிறார்கள். சிலர் தண்டாக இருக்கக்கூடும்.

இருமனம் உடையவர் முடிவெடுக்க மாட்டார் என்ற கருத்தும் பரவலாக உள்ளது. அதற்கு விடை கம்பன் காட்டும் கும்பகருணன். அண்ணன் செய்தது அடாத செயல் என்று அவையிலேயே இடித்துரைத்தவன் அவன். சீதையை விட்டுவிடு என்று கூறியவன். வீடணன் நேரில் வந்து, இராமனிடம் சேர்ந்துவிடு என்று அழைத்தபோதும் போக மறுத்து, அண்ணனுக்காகப் போரிட்டு மாண்டான். அவன் முடிவில் தள்ளாட்டம் இல்லை. நெஞ்சில் இருந்தவை மட்டும் இறுதிவரை இரண்டு. தீர்மானம் என்பது செயலைப் பற்றியது. ஆம்பிவலன்ஸ் உணர்வைப் பற்றியது. ஒருவர் துணிந்து கையெழுத்துப் போட்ட பின்னரும் அது அவருக்குள் இருக்கலாம்.

இலக்கியத்தை விட்டுச் சற்று எங்கள் ஊர்ப் பக்கம் வருவோம். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் உள்ள சாணார்பட்டியும் சுற்றுப்புறமும் மாந்தோப்பு உள்ள பூமி. மார்கழியிலிருந்து மாசிவரை மா பூக்கும் காலம். கிணறு வற்றிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் கிணறு ஊறும். அதே மழை பெய்தால் பூ கொட்டும். மேகம் திரளும்போது வரப்பில் நின்று மேலே பார்க்கும் தோப்புக்காரரிடம் கேட்டால், 'பெய்யவும் வேணும், இப்பப் பெய்யவும் கூடாது' என்பார். அவருக்கு எதுவும் விளங்காமல் இல்லை. எத்தனை மூட்டை எந்தப் பக்கம் போகும் என்று விரல்விட்டுக் கணக்குச் சொல்வார். வியாழக்கிழமை கூடும் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு கொண்டுபோகும் வீட்டிலும் இதே பேச்சைக் கேட்கலாம். குட்டியாய் வந்தபோது சங்கில் பால் புகட்டி வளர்த்தது. நல்ல விலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் மெய், போகிறதே என்ற வருத்தமும் மெய். 'விக்கவும் வேணும், விக்க மனசும் இல்ல' என்று சொல்லியபடியே கயிற்றை அவிழ்ப்பார்கள்.

இவ்விரண்டு பேச்சிலும் ஓர் இலக்கணம் ஒளிந்திருக்கிறது. தமிழ் இந்நிலையை ஒரு பெயர்ச்சொல்லால் கூறுவதில்லை. 'உம்' என்ற இடைச்சொல்லால் கூறுகிறது. நம் எண்ணும்மை இரண்டையும் ஒரே தட்டில் ஒரே உயரத்தில் வைக்கிறது. 'மகிழ்ச்சிதான், ஆனால் பயமாக இருக்கிறது' என்று சொன்னால் பயம் வென்றுவிட்டது. 'பயம்தான், ஆனால் மகிழ்ச்சி' என்றால் மகிழ்ச்சி வென்றுவிட்டது. 'ஆனால்' என்பது எப்பொழுதும் தனக்குப் பின்னால் வருவதற்கே கட்சி பேசும். 'மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது' என்று கூறும்போதுதான் இருபுற வலிமையும் காக்கப்படுகிறது. இச்சொல்லை 'இருமனப்போக்கு' என்றும் 'ஈருணர்வு' என்றும் மொழிபெயர்ப்போர் உண்டு. பாடநூலுக்கு அவை வேண்டும்; நான் மறுக்கவில்லை. இருப்பினும் வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது பெயர்ச்சொல்லைத் தேடி அலைவதைவிட இரண்டு 'உம்' போடுவதே பெரும்பாலும் நல்ல தமிழாக அமையும்.

இனி, இச்சொல்லின் முழு அளவையும் காட்டக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. சாணார் என்பது ஒரு மக்கட் பிரிவினரைக் குறித்த பழைய பெயர். அப்பெயர் இழிவுக் குறிப்போடு வழங்கப்பட்டமையால் அம்மக்கள் அதனை வெறுத்தனர். 1849-இல் கால்டுவெல் அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சிறுநூல் அவர்களிடையே பெருஞ்சினத்தை மூட்டியது. 1910-இல் பொறையாற்றில் நாடார் மகாசன சங்கம் தோன்றிற்று. (பிளாய்லர் சூரிச்சிலிருந்து சொல் உண்டாக்கிய அதே ஆண்டு.) சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பை ஒட்டி, அரசு ஆவணங்களில் பழைய பெயர் நீங்கி நாடார் என்ற பெயர் ஏறியது. மக்களின் பெயர் மாறியது. ஊரின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. பத்திரத்தில் அது, குடும்ப அட்டையில் அது, ஊராட்சி ஒன்றியத்துக்கும் அதுவே பெயர்.

இப்பெயரை நான் எப்படி உணர்கிறேன்? பேருந்தில் நடத்துனர் 'சாணார்பட்டி இறங்கு' என்று குரல் கொடுக்கும்போது எனக்கு வீடும் வேப்பமரமும் அடுப்புப் புகையும் நினைவுக்கு வருகின்றன. அந்த மூன்றரை நொடியில் அச்சொல்லுக்கு வேறு எந்தப் பொருளும் இல்லை. தொலைவில் உள்ள ஒரு நகரத்தில், ஊர்ப் பெயரை எழுதும் கட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, எதிரே இருப்பவர் அதனைப் படித்துத் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும் பார்வையிலோ அச்சொல்லுக்கு அந்தப் பழைய பொருள் ஒன்று மட்டுமே இருக்கிறது. ஒரே பெயர், ஒரே நெஞ்சு. என் வகுப்பில் படித்த எங்கள் பக்கத்து மாணவி ஒருவர், 'ஐயா, ஊரைக் கேட்டா திண்டுக்கல்னு சொல்லிடுவேன். ஆனா யாராவது எங்க ஊரைக் கொறச்சுப் பேசினா சண்டைக்குப் போயிடுவேன்' என்றார். அவரிடம் நான் அன்றைக்கு அகராதிப் பொருள் எதுவும் கூறவில்லை. அவர் கூறியதே போதுமாயிருந்தது.

பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று வாதிட இம்மலர் இடமன்று. ஆயினும் என்னைக் கேட்டால், புண்படுத்தும் ஒரு சொல்லை ஓர் ஊர் என்றென்றும் சுமக்க வேண்டியதில்லை என்பேன். மாற்ற வேண்டும் என்று விண்ணப்பம் வந்தால் முதல் வரிசையில் கையெழுத்திடுவேன். பலகை மாறிய அன்று மாலை, பழைய பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கவும் செய்வேன். இவ்விரண்டில் ஒன்று பொய் என்று எவரேனும் கூறினால் அவருக்கு இச்சொல் இன்னும் விளங்கவில்லை என்றே கொள்வேன்.

எஞ்சியிருப்பது பயன்பாட்டு விதி. விரைவில் கூறிவிடலாம். பெயர்ச்சொல் ஆம்பிவலன்ஸ்; பெயரடை ஆம்பிவலன்ட். ஒலிக்கும்போது அழுத்தம் 'பி' மீது விழ வேண்டும். முதலெழுத்தின் மீது விழுந்தால் மருத்துவ வண்டி வந்து நிற்கும். ஒன்றைப் பற்றி என்பதற்கு 'அபவுட்' சேர்க்க வேண்டும். ஒருவரிடத்து அல்லது ஒன்றன்பால் என்பதற்கு 'டுவர்ட்ஸ்'. மனிதரையோ அவர் மனப்பான்மையையோதான் இச்சொல்லால் குறிக்க வேண்டும். இரு பொருள்படும் சொல்லையோ விடையையோ 'ஆம்பிகுவஸ்' என்க. காளமேகத்தின் சிலேடை ஆம்பிகுவஸ். அதனைக் கேட்டு வியக்கவும் எரிச்சலடையவும் செய்த புலவர் ஆம்பிவலன்ட். இது சொல்லில் இருப்பது, அது ஆளிடம் இருப்பது. இன்னொரு பிழை ஆங்கிலேயரிடமே இன்று மலிந்து வருகிறது. 'எனக்கு எப்படியானாலும் ஒன்றுதான்' என்ற பொருளில் ஆம்பிவலன்ட் என்கிறார்கள். அதற்குரிய சொல் 'இண்டிஃபரன்ட்'. அவனுக்கு எந்தப் பக்கமும் இழுப்பில்லை. இவனுக்கு இரண்டு பக்கமும் யானை. இரண்டும் ஒன்றாகுமா?

பயிற்சிக்கு மூன்று வாக்கியங்கள் தருகிறேன். 'எந்த அணி வென்றாலும் எனக்குக் கவலையில்லை.' 'அவர் அனுப்பிய கடிதம் இரு வகையாகப் பொருள்கொள்ள இடந்தருகிறது.' 'இறுதியாண்டு முடிந்து விடுதியைக் காலி செய்வது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது.' மேலே கூறிய மூன்று சொற்களையும் உரிய இடத்தில் அமைத்து மொழிபெயர்த்து வருக. மூன்றாம் வாக்கியத்தில் 'பட்' என்ற சொல் வரக்கூடாது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஆங்கிலத்துறை அறையில் இருப்பேன். எந்தத் துறை மாணவரும் வரலாம்.